அமிலத்தின் காரத்துவம்: எங்கெல்லாம் தவறு நடக்கிறது

கேரம் போர்டில் தூவுகிற போரிக் பவுடரின் ஒரு மூலக்கூறில் 3 ஹைட்ரஜன் இருக்கிறது. அது ஓர் அமிலம்; அமிலத்தின் ஒரு மூலக்கூறு எவ்வளவு காரத்தை வாங்கும் என்பதே காரத்துவம். அதன் காரத்துவம் 1. வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலத்தில் 4 ஹைட்ரஜன். காரத்துவம் அதற்கும் 1. எலுமிச்சையில் உள்ள சிட்ரிக் அமிலத்தில் 8 ஹைட்ரஜன், காரத்துவம் 3. பாஸ்பாரிக் அமிலம், பாஸ்பரஸ் அமிலம், ஹைப்போபாஸ்பரஸ் அமிலம் மூன்றிலும் ஆளுக்கு 3 ஹைட்ரஜன்; காரத்துவம் முறையே 3, 2, 1.

இதைப் பட்டியலாக மனப்பாடம் செய்தும் ஒப்பேற்றிவிடலாம். ஆனால் பட்டியலில் இல்லாத ஓர் அமிலம் கேள்வித்தாளில் வந்துவிட்டால் அங்கேயே கை நின்றுவிடும். ஒன்பதாம் வகுப்பில் ஓரிரு வரியில் முடிந்துபோகும் இந்தப் பாடம் பிளஸ் டூ, நீட், ஜேஇஇ, கல்லூரி ஆய்வகம் என்று கூடவே வருகிறது. முதலில் தவறாகப் பிடித்துக்கொண்டவர்களுக்கு அந்தத் தவறும் கூடவே வருகிறது. பெரும்பாலான தவறுகளுக்கு வேர் ஒன்றுதான்: காரத்துவம் என்பது சூத்திரத்தைப் பார்த்து எண்ணிச் சொல்கிற எண் என்ற நினைப்பு. அது அப்படிப்பட்ட எண் அல்ல. ஓர் அமிலம் காரத்தைச் சந்திக்கும்போது எப்படி நடந்துகொள்கிறது என்பதைச் சொல்லும் எண்.

பாடநூல் வரையறை இப்படிப் போகும்: ஓர் அமில மூலக்கூறில் உள்ள, இடப்பெயர்ச்சி செய்யத்தக்க ஹைட்ரஜன் அணுக்களின் எண்ணிக்கையே காரத்துவம். சரிதான். ஆனால் படிப்பவர்களுக்கு ‘ஹைட்ரஜன் அணுக்களின் எண்ணிக்கை’ மட்டும் மனதில் தங்குகிறது. ‘இடப்பெயர்ச்சி செய்யத்தக்க’ என்ற முக்கியமான பாதி உதிர்ந்துவிடுகிறது. அதனால் இதையே வேறு விதமாகச் சொல்வது நல்லது என்பது என் கருத்து. அமிலத்தின் ஒரு மூலக்கூறை முழுதாக நடுநிலையாக்க எத்தனை ஹைட்ராக்சைடு அயனி செலவாகிறதோ, அதுவே அதன் காரத்துவம். இந்த வடிவத்தில் எண்ணுவது ஹைட்ரஜனை அல்ல, செலவாகும் காரத்தை. அமிலத்தைப் பற்றிய எண்ணுக்கு ஏன் காரத்தின் பெயர் என்ற பழைய குழப்பமும் இதிலேயே தீர்ந்துவிடுகிறது.

வரலாறும் இந்த வழியில்தான் நடந்திருக்கிறது. 1833இல் கிளாஸ்கோவில் இருந்த வேதியியலாளர் தாமஸ் கிரஹாம், பாஸ்பாரிக் அமிலத்தின் வெவ்வேறு வகைகள் வெவ்வேறு அளவு காரத்தோடு சேருவதை அளந்து காட்டினார். 1838இல் ஜெர்மனியின் லீபிக் அந்த எண்ணத்தைக் கரிம அமிலங்களுக்கும் விரித்தார். உலோகம் வந்து இடம்பிடிக்கக்கூடிய ஹைட்ரஜன் இருப்பதே அமிலத்தின் அடையாளம் என்றார். அர்ஹீனியஸின் அயனிக் கொள்கை வந்தது 1880களில்தான். அதாவது அமிலம் அயனியாகப் பிரிவதும் தெரியாது, பிணைப்பும் தெரியாது; ஆனாலும் காரத்துவத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அவர்கள் கையில் இருந்தது தராசும் காரமும் மட்டுமே.

சூத்திரத்தில் உள்ள ஹைட்ரஜனை எல்லாம் எண்ணுவது

முதல் தவறு இது. மிகவும் பரவலானதும் இதுதான். ஹைட்ரோகுளோரிக் 1, நைட்ரிக் 1, கந்தக அமிலம் 2, பாஸ்பாரிக் 3 என்று முதலில் படிக்கும் நான்கு அமிலங்களிலும் ஹைட்ரஜனை எண்ணினாலே சரியான விடை வந்துவிடுகிறது. அதனால் அதுவே விதி என்று மனதில் பதிந்துவிடுகிறது. அடுத்து வரும் அசிட்டிக் அமிலத்தில் அந்த விதி உடைகிறது.

அசிட்டிக் அமிலத்தின் 4 ஹைட்ரஜனில் 3 கார்பனோடு ஒட்டியவை. கார்பனுக்கும் ஹைட்ரஜனுக்கும் எலக்ட்ரானை இழுக்கும் திறனில் பெரிய வித்தியாசம் இல்லை. அந்தப் பிணைப்பு நீரில் ஹைட்ரஜன் அயனியாகப் பிரியாது. சோடியம் ஹைட்ராக்சைடை ஊற்றினாலும் அசையாது. நான்காவது ஹைட்ரஜன் ஆக்சிஜனோடு ஒட்டியிருக்கிறது. அது பிரிந்துபோனால் மிஞ்சும் எதிர்மின்சுமை இரண்டு ஆக்சிஜன்களிலும் பரவி நிலைபெறுகிறது. பிரிவது அது ஒன்றுதான். ஆகவே எந்த அமிலத்தைப் பார்த்தாலும் ‘ஹைட்ரஜன் எத்தனை’ என்று கேட்பதற்கு முன் ‘ஹைட்ரஜன் எதோடு ஒட்டியிருக்கிறது’ என்று கேட்க வேண்டும்.

சரி, ஆக்சிஜனோடு ஒட்டிய ஹைட்ரஜன்களை மட்டும் எண்ணலாமா? அடுத்த தவறு அங்கே காத்திருக்கிறது. புளியில் டார்டாரிக் அமிலம், எலுமிச்சையில் சிட்ரிக் அமிலம், தயிரில் லாக்டிக் அமிலம் என்று சின்ன வகுப்பிலிருந்தே படிக்கிறோம். அந்த மூன்றையும் வரிசையாகப் பாருங்கள். டார்டாரிக் அமிலத்தில் ஆக்சிஜனோடு ஒட்டிய ஹைட்ரஜன் 4, காரத்துவம் 2. சிட்ரிக் அமிலத்தில் அப்படிப்பட்டவை 4, காரத்துவம் 3. லாக்டிக் அமிலத்தில் 2, காரத்துவம் 1. மிச்சம் நிற்பவை எல்லாம் ஆல்கஹாலில் இருப்பதைப் போன்ற ஹைட்ராக்சில் தொகுதிகள். சாதாரண ஆல்கஹால் தண்ணீரைவிடக்கூட வலிமை குறைந்த அமிலம். நீர்க்கரைசலில் சோடியம் ஹைட்ராக்சைடால் அந்த ஹைட்ரஜனைப் பறிக்க முடியாது. எத்தனாலைத் தண்ணீரில் கலந்து அமிலம்போலத் தரம்பார்க்க (செறிவு தெரிந்த காரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து அளக்க) முடியாததற்கும் இதுவே காரணம். இந்த மூன்று அமிலங்களிலும் காரத்துவத்தைத் தீர்மானிப்பது கார்பாக்சில் (COOH) தொகுதியின் எண்ணிக்கை.

உடனே ‘கரிம அமிலம் என்றால் கார்பாக்சிலை எண்ணு’ என்று இன்னொரு குறுக்குவழியைப் பிடித்துக்கொள்வார்கள். பாடநூலில் வரும் பெரும்பாலான அமிலங்களுக்கு இது வேலை செய்யும்: ஃபார்மிக் 1, பென்சாயிக் 1, ஆக்சாலிக் 2. ஆனால் பிக்ரிக் அமிலத்தில் கார்பாக்சிலே கிடையாது. ஒரு பீனால் ஹைட்ராக்சிலும் அதைச் சுற்றி மூன்று நைட்ரோ தொகுதிகளும்தான். அந்த நைட்ரோ தொகுதிகள் எலக்ட்ரானை இழுப்பதால் ஹைட்ராக்சிலின் ஹைட்ரஜன் எளிதாகப் பிரிகிறது. அதன் காரத்துவம் 1. வலிமையில் அசிட்டிக் அமிலத்தைப் பல மடங்கு மிஞ்சிவிடும். வைட்டமின் சி என்கிற அஸ்கார்பிக் அமிலத்திலும் கார்பாக்சில் இல்லை. அதில் இரட்டைப் பிணைப்பில் உள்ள கார்பன்களோடு ஒட்டிய ஹைட்ராக்சில்களே அமிலமாக நடந்துகொள்கின்றன. இரண்டு ஹைட்ரஜன் பிரியக்கூடியவை என்றாலும் இரண்டாவது மிக மிகத் தயங்கியே பிரியும். அதனால் சாதாரணத் தரம்பார்த்தலில் அது ஒற்றைக் காரத்துவ அமிலமாகவே தெரியும்.

பாஸ்பரஸ் குடும்பம்

இந்தப் பாடத்தில் ஓர் இடத்தில் மட்டும் நேரம் செலவழிக்க முடியும் என்றால், இங்கே செலவழியுங்கள். நுழைவுத் தேர்வுகளில் கேள்வி எடுப்பவர்களுக்கும் பிடித்த இடம் இது.

பாஸ்பாரிக், பாஸ்பரஸ், ஹைப்போபாஸ்பரஸ் அமிலங்களின் சூத்திரத்தை எழுதினால் ஹைட்ரஜன் 3, பாஸ்பரஸ் 1 என்பது மாறாது. ஆக்சிஜன் மட்டும் 4, 3, 2 என்று குறையும். ஆக்சிஜன் குறையும்போது ஹைட்ரஜன் எங்கே போய் ஒட்டுகிறது? நேராகப் பாஸ்பரஸ் மீதே ஒட்டுகிறது. பாஸ்பாரிக் அமிலத்தில் பாஸ்பரஸைச் சுற்றி இரட்டைப் பிணைப்பில் ஓர் ஆக்சிஜனும் மூன்று ஹைட்ராக்சிலும். பாஸ்பரஸ் அமிலத்தில் அதே இரட்டைப் பிணைப்பு ஆக்சிஜன், இரண்டு ஹைட்ராக்சில், பாஸ்பரஸோடு நேரடியாக ஒரு ஹைட்ரஜன். ஹைப்போபாஸ்பரஸில் ஒரு ஹைட்ராக்சில், நேரடியாக ஒட்டிய ஹைட்ரஜன் இரண்டு. நேரடியாக ஒட்டியவை நீரில் அயனியாகாது. ஆகவே 3, 2, 1.

பலர் பாஸ்பரஸ் அமிலத்தை வரையும்போது நடுவில் பாஸ்பரஸ், சுற்றி மூன்று ஹைட்ராக்சில் என்று அழகாக வரைந்துவிடுகிறார்கள். சமச்சீராகத்தான் இருக்கும், ஆனால் அமிலமாக வினைபுரிவது அந்த அமைப்பு அல்ல. படம் தவறினால் காரத்துவம் 3 ஆகும். மூலக்கூறு நிறையைக் காரத்துவத்தால் வகுத்து எடுக்கும் சமான நிறையும் தவறும். மூலக்கூறு நிறை 82. அதை 2ஆல் வகுத்து 41 என்று வர வேண்டியது 27.3 என்று வந்து நிற்கும். ஹைப்போபாஸ்பரஸுக்கு மூலக்கூறு நிறை 66, சமான நிறையும் அதே 66.

பாஸ்பரஸோடு நேரடியாக ஒட்டிய ஹைட்ரஜன் அமிலமாக உதவாவிட்டாலும் சும்மா இருப்பதில்லை. பாஸ்பரஸ் அமிலமும் ஹைப்போபாஸ்பரஸ் அமிலமும் நல்ல ஒடுக்கிகளாக (பிற பொருளுக்கு எலக்ட்ரானைக் கொடுப்பவையாக) இருப்பது அந்தப் பிணைப்பால்தான். மின்சாரம் இல்லாமல் நிக்கல் முலாம் பூசும் முறையில் சோடியம் ஹைப்போபாஸ்பைட் ஒடுக்கியாகப் பயன்படுகிறது. பாஸ்பாரிக் அமிலத்தில் அந்தப் பிணைப்பு இல்லை. அதற்கு ஒடுக்கும் பண்பும் இல்லை. ‘காரத்துவம் என்ன’ என்ற கேள்விக்கும் ‘ஒடுக்கும் பண்பு உண்டா’ என்ற கேள்விக்கும் ஒரே படத்திலிருந்து விடை எடுக்கலாம் என்பதால்தான் படத்தைச் சரியாக வரையச் சொல்கிறேன்.

இதிலிருந்தே கிளைக்கும் இன்னொரு தவறு உண்டு. பாஸ்பரஸ் அமிலத்தைச் சோடியம் ஹைட்ராக்சைடால் முழுதாக நடுநிலையாக்கினால் கிடைக்கும் உப்பில் 2 சோடியம், 1 ஹைட்ரஜன், 1 பாஸ்பரஸ், 3 ஆக்சிஜன் இருக்கும். சூத்திரத்தில் ஹைட்ரஜன் கண்ணில் பட்டதும் ‘அமில உப்பு’, அதாவது இன்னும் பிரியக்கூடிய ஹைட்ரஜன் மிச்சமுள்ள உப்பு, என்று குறித்துவிடுவார்கள். அது சாதாரண உப்பு. மிஞ்சியிருக்கும் ஹைட்ரஜன் பாஸ்பரஸோடு ஒட்டியது. எவ்வளவு காரம் ஊற்றினாலும் சோடியம் அந்த இடத்துக்கு வராது. ஹைப்போபாஸ்பரஸின் சோடியம் உப்பில் 2 ஹைட்ரஜன் இருந்தும் அது சாதாரண உப்பே. சோடியம் பைசல்பேட்டில் மிஞ்சும் ஹைட்ரஜன் அப்படி அல்ல. அது இன்னும் பிரியக்கூடியது என்பதால் பைசல்பேட் உண்மையிலேயே அமில உப்பு.

போரிக் அமிலம்

கேரம் பவுடருக்குத் திரும்புவோம். போரிக் அமிலத்தில் போரானைச் சுற்றி மூன்று ஹைட்ராக்சில். ஹைட்ரஜன் மூன்றும் ஆக்சிஜனோடுதான் ஒட்டியிருக்கின்றன. ஆனாலும் காரத்துவம் 1. மேலே சொன்ன எந்த எண்ணும் முறையும் இங்கே உதவாது, ஏனென்றால் போரிக் அமிலம் தன் ஹைட்ரஜனைக் கொடுப்பதே இல்லை.

போரானின் வெளிக்கூட்டில் 6 எலக்ட்ரான்தான். எட்டு நிறைய இன்னும் ஒரு சோடி வேண்டும். நீரில் போட்டதும் அது ஒரு நீர் மூலக்கூறின் ஹைட்ராக்சைடைத் தன்மேல் ஏற்றுக்கொள்கிறது. அந்த நீரின் ஹைட்ரஜன் அயனி வெளியே தள்ளப்படுகிறது. கரைசலில் அமிலத்தன்மை வருவது இந்த ஹைட்ரஜன் அயனியால். அது நீரிலிருந்து வந்தது, போரிக் அமிலத்திலிருந்து வந்தது அல்ல. போரானில் காலியாக இருந்தது ஓர் இடம், ஏற்றுக்கொண்டது ஒரு ஹைட்ராக்சைடு, எனவே காரத்துவம் 1. ‘எத்தனை ஹைட்ராக்சைடு செலவாகிறது’ என்று கேட்கும் வரையறை இங்கேயும் நேராகப் பொருந்துகிறது. ‘இடப்பெயர்ச்சி செய்யத்தக்க ஹைட்ரஜன்’ என்ற வரையறையைக் கொஞ்சம் வளைத்துத்தான் பொருத்த வேண்டியிருக்கிறது.

ஆய்வகத்தில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். போரிக் அமிலம் மிகவும் வலிமை குறைந்தது. அதை நேரடியாகச் சோடியம் ஹைட்ராக்சைடோடு தரம்பார்த்தால் ஃபினால்ஃப்தலீன் என்ற நிறங்காட்டி பளிச்சென்று மாறாமல் மெல்ல மெல்ல நிறம் ஏறும். இறுதிநிலையைப் பிடிக்கவே முடியாது. மானிட்டாலோ கிளிசராலோ சேர்த்தால் அவை போரானோடு பிணைந்து அமிலத்தின் வலிமையைக் கூட்டுகின்றன. அப்புறம் இறுதிநிலை தெளிவாகக் கிடைக்கும். ஒரு மோல் அமிலத்துக்கு ஒரு மோல் காரம் என்ற கணக்கை அப்போது கண்ணால் பார்க்கலாம். வலிமை கூடுகிறது, காரத்துவம் மாறவில்லை.

காரத்துவத்தையும் வலிமையையும் ஒன்றாக்குவது

காரத்துவம் கூடினால் அமிலம் வீரியமானது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். பெர்குளோரிக் அமிலத்தின் காரத்துவம் 1. அமிலங்களிலேயே மிக வலிமையானவற்றில் அது ஒன்று. சிட்ரிக் அமிலத்தின் காரத்துவம் 3. அதை ரசத்தில் பிழிந்து சாப்பிடுகிறோம். பாஸ்பரஸ் குடும்பத்திலேயே, காரத்துவம் 1 உள்ள ஹைப்போபாஸ்பரஸ், காரத்துவம் 3 உள்ள பாஸ்பாரிக்கைவிடச் சற்று வலிமையானது. வலிமை என்பது எத்தனை சதவீத மூலக்கூறுகள் அயனியாகப் பிரிகின்றன என்பது. காரத்துவம் என்பது ஒரு மூலக்கூறு மொத்தமாக எவ்வளவு காரத்தை வாங்கும் என்பது.

இதைக் கையால் செய்து பார்க்க ஒரு நல்ல சோதனை உண்டு. 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 20 மில்லி, 0.1 மோலார் அசிட்டிக் அமிலம் 20 மில்லி, இரண்டையும் தனித்தனிக் கூம்புக் குடுவையில் எடுங்கள். முதலாவதின் பிஎச் மதிப்பு 1, இரண்டாவதின் மதிப்பு சுமார் 2.9. அசிட்டிக் அமிலத்தில் நூற்றுக்கு ஒன்றேகால், ஒன்றரை மூலக்கூறு அளவில்தான் பிரிந்திருக்கிறது. இப்போது ஃபினால்ஃப்தலீன் சேர்த்து 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடை ப்யூரெட்டிலிருந்து விடுங்கள். இரண்டுக்குமே 20 மில்லிதான் செலவாகும். பிரிந்த ஹைட்ரஜன் அயனியைக் காரம் எடுத்துக்கொள்ள எடுத்துக்கொள்ள, பிரியாமல் இருந்த மூலக்கூறுகள் பிரிந்து அந்த இடத்தை நிரப்பிக்கொண்டே வருகின்றன. வலிமை குறைந்த அமிலத்துக்குக் காரம் குறைவாகப் போதும் என்று எண்ணுபவர்கள் இந்த ஒரு சோதனையைச் செய்தால் போதும், அந்த எண்ணம் போய்விடும்.

இதே தவறின் மறுபக்கம் கந்தக அமிலத்தில் தெரியும். காரத்துவம் 2 என்பதால் 0.1 மோலார் கந்தக அமிலத்தில் ஹைட்ரஜன் அயனியின் செறிவு 0.2 மோலார் என்று எழுதிவிடுவார்கள். முதல் ஹைட்ரஜன் முழுதாகப் பிரிகிறது, இரண்டாவது ஓரளவுக்குத்தான். எந்த அளவுக்குப் பிரியும் என்பதைச் சொல்லும் அதன் பிரிகை மாறிலி ஏறத்தாழ 0.012. முதலில் வந்த ஹைட்ரஜன் அயனிகள் இரண்டாவது பிரிவதைத் தடுக்கவும் செய்கின்றன. சமநிலைக் கணக்கைப் போட்டால் செறிவு 0.11 அளவில்தான் வரும். பள்ளிக் கணக்குகளில் 0.2 என்று எடுத்துக்கொள்ளச் சொன்னால் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அது வசதிக்கான தோராயம் என்று தெரிந்து செய்ய வேண்டும். காரத்துவம் காரத்தின் செலவைச் சொல்லும் எண். பிஎச் மதிப்பை அதிலிருந்து நேரடியாக எடுக்க முடியாது.

நிறங்காட்டி காட்டுவதை முழு உண்மை என்று நம்புவது

பாஸ்பாரிக் அமிலத்தின் காரத்துவம் 3 என்று படித்துவிட்டு ஆய்வகத்துக்குப் போகிறவர் 0.1 மோலார் அமிலம் 20 மில்லிக்கு அதே செறிவுள்ள காரம் 60 மில்லி செலவாகும் என்று எதிர்பார்ப்பார். மெத்தில் ஆரஞ்சு போட்டால் 20 மில்லி வாக்கிலேயே நிறம் மாறிவிடும். ஃபினால்ஃப்தலீன் போட்டால் 40 மில்லியை நெருங்கும்போது இளஞ்சிவப்பு வந்துவிடும். 60 மில்லியில் எந்த நிறங்காட்டியும் தெளிவான இறுதிநிலையைக் காட்டாது. அப்படியானால் காரத்துவம் 1ஆ, 2ஆ, 3ஆ?

மூன்று ஹைட்ரஜனும் ஒரே சமயத்தில் பிரிவதில்லை. முதலாவது ஓரளவு எளிதாகப் பிரிகிறது. மிஞ்சிய அயனியில் எதிர்மின்சுமை வந்துவிட்டதால் இரண்டாவதைப் பிரிப்பது அதைவிடக் கடினம். மூன்றாவது இன்னும் கடினம். ஒவ்வொரு கட்டத்துக்கும் பிரிகை மாறிலி ஏறத்தாழ ஒரு லட்சத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. மெத்தில் ஆரஞ்சு காட்டுவது முதல் கட்டத்தை, ஃபினால்ஃப்தலீன் காட்டுவது இரண்டாவதை. மூன்றாவது ஹைட்ரஜன் பிரிய வேண்டிய இடத்தில் கரைசல் ஏற்கெனவே கடும் காரமாக இருப்பதால் நிறமாற்றம் அமுங்கிப்போகிறது.

மூன்றாவது ஹைட்ரஜன் உண்மையிலேயே இருக்கிறதா என்று சந்தேகப்படுபவர்கள், இரண்டாம் கட்ட இறுதிநிலைக்குப் பிறகு கால்சியம் குளோரைடு கரைசலைச் சேர்த்துப் பார்க்கலாம். கால்சியம் பாஸ்பேட் வெள்ளை வீழ்படிவாக இறங்கும். மூன்றாவது ஹைட்ரஜன் அயனி வெளியே தள்ளப்பட்டு இளஞ்சிவப்பு மறையும். இன்னும் காரம் சேர்த்தால்தான் நிறம் திரும்பும். காரத்துவம் 3தான், நிறங்காட்டிக்குத் தெரிந்தது 2.

கணக்கில் வரும் சறுக்கல்கள்

சோடியம் ஹைட்ராக்சைடு 0.1 மோலார், பிப்பெட்டில் 20 மில்லி. ப்யூரெட்டில் கந்தக அமிலம்; செலவானது 10 மில்லி. அமிலத்தின் மோலாரிட்டி என்ன? மோலாரிட்டியையும் கனஅளவையும் பெருக்கி இரு பக்கமும் சமன்செய்தால் 0.2 என்று வரும். தவறு. அந்தச் சமன்பாடு ஒன்றுக்கு ஒன்றாக வினைபுரியும்போது மட்டுமே செல்லும். இங்கே ஓர் அமில மூலக்கூறு இரண்டு காரத்தை எடுத்துக்கொள்கிறது. ஆகவே அமிலத்தின் பக்கம் காரத்துவம் 2ஐயும் சேர்த்துப் பெருக்க வேண்டும், விடை 0.1 மோலார். நார்மாலிட்டியில் கணக்குப் போடுபவர்களுக்கு இந்தச் சிக்கல் வராது, ஏனென்றால் மோலாரிட்டியைக் காரத்துவத்தால் பெருக்கிக் கிடைப்பதே அமிலத்தின் நார்மாலிட்டி. ஆனால் விடையை மோலாரிட்டிக்கு மாற்ற மறந்துவிட்டால் அதே சறுக்கல் கடைசி வரியில் நடக்கும்.

பிளஸ் டூ செய்முறையில் ஆக்சாலிக் அமிலத்தை எடைபோடும் இடமும் இப்படித்தான். படிக ஆக்சாலிக் அமிலத்தில் இரண்டு நீர் மூலக்கூறுகள் உண்டு. மூலக்கூறு நிறை 126, சமான நிறை 63. 250 மில்லியில் 0.1 நார்மல் கரைசல் வேண்டும் என்றால் 1.575 கிராம் போதும். 0.1 மோலார் வேண்டும் என்றால் 3.15 கிராம். படிக நீரைக் கணக்கில் விட்டு 90 என்று எடுத்தவர்களுக்கு இரண்டுமே தவறிப்போகும்.

இங்கே கொஞ்சம் நுட்பமான ஒரு தவறும் ஒளிந்திருக்கிறது. அதே ஆக்சாலிக் அமிலத்தைப் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டோடு தரம்பார்க்கும்போதும் சமான நிறை 63 என்றே எடுக்கிறோம். காரத்துவம் 2 என்பதால் என்று பலர் எண்ணுகிறார்கள். அது வேறு 2. பெர்மாங்கனேட்டுடன் நடப்பது ஆக்சிஜனேற்ற வினை. ஒரு மூலக்கூறு இழக்கும் எலக்ட்ரான் 2. இரண்டு எண்ணும் ஒத்துப்போனது தற்செயல். பொட்டாசியம் ஹைட்ரஜன் ஆக்சலேட்டை எடுத்தால் வேறுபாடு வெளியே வந்துவிடும்: காரத்தோடு வினைபுரிகையில் அது கொடுக்கும் ஹைட்ரஜன் 1, சமான நிறை 128, பெர்மாங்கனேட்டோடு இழக்கும் எலக்ட்ரான் 2, சமான நிறை 64.

காரத்துவம் அமிலத்தின் மாறாத எண். சமான நிறை எந்த வினை, எந்தக் கட்டம் வரை என்பதைப் பொறுத்து மாறும். பாஸ்பாரிக் அமிலத்தை மெத்தில் ஆரஞ்சு வரை தரம்பார்த்தால் அதன் சமான நிறை 98. ஃபினால்ஃப்தலீன் வரை போனால் 49. கண்ணை மூடிக்கொண்டு 3ஆல் வகுத்து 32.7 என்று போடுவது இரண்டு இடத்திலும் தவறு.

உப்புகளைப் பற்றி ஒரு வார்த்தை. ‘அமில உப்பு’ என்ற பெயரைப் பார்த்துக் கரைசல் அமிலமாக இருக்கும் என்று முடிவுகட்ட வேண்டாம். ஆப்பசோடா, அதாவது சோடியம் பைகார்பனேட், கார்பானிக் அமிலத்தின் அமில உப்பு. கரைசல் லேசான காரம். பாஸ்பாரிக் அமிலம் தரும் மூன்று சோடியம் உப்புகளில் ஒரு சோடியம் உள்ளது அமிலமாகவும், இரண்டு சோடியம் உள்ளது லேசான காரமாகவும், மூன்று சோடியம் உள்ளது கடும் காரமாகவும் இருக்கும். முதல் இரண்டும் அமில உப்புகள், மூன்றாவது சாதாரண உப்பு. பெயர் சொல்வது இன்னும் பிரியக்கூடிய ஹைட்ரஜன் மிச்சம் இருக்கிறதா என்பதை மட்டுமே.

காரங்களின் பக்கம்

காரத்துக்கு இதே எண்ணை அமிலத்துவம் என்கிறோம்: ஒரு மூலக்கூறு காரம் எத்தனை ஹைட்ரஜன் அயனியை வாங்கும் என்பது. சோடியம் ஹைட்ராக்சைடு 1, கால்சியம் ஹைட்ராக்சைடு 2, அலுமினியம் ஹைட்ராக்சைடு 3. இங்கே ஹைட்ராக்சைடை எண்ணிப் பழகியவர்கள் அம்மோனியாவில் திணறுவார்கள். அதில் ஹைட்ராக்சைடே இல்லை, ஹைட்ரஜன் 3 இருக்கிறது. நைட்ரஜனில் உள்ள தனித்த எலக்ட்ரான் சோடி ஒன்று, அது ஏற்கும் ஹைட்ரஜன் அயனி ஒன்று, அமிலத்துவம் 1. சோடியம் கார்பனேட்டிலும் ஹைட்ராக்சைடு இல்லை. ஆனால் கார்பனேட் அயனி இரண்டு ஹைட்ரஜன் அயனியை வாங்கும். அமிலத்துவம் 2, சமான நிறை 106இல் பாதி, 53.

வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் ஆன்டாசிட் சிரப்பின் லேபிளில் அலுமினியம் ஹைட்ராக்சைடும் மெக்னீசியம் ஹைட்ராக்சைடும் சேர்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மூலக்கூறு நிறை ஒன்றுக்கு 78, மற்றதற்கு 58. ஒரு மோல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை நடுநிலையாக்க முதலாவதில் 26 கிராமும் இரண்டாவதில் 29 கிராமும் தேவை. அமிலத்துவம் 3க்கும் 2க்கும் உள்ள வித்தியாசம் கிராமில் எவ்வளவு சுருங்கிவிடுகிறது பாருங்கள். எண் பெரியதாக இருப்பதால் அந்தப் பொருள் பல மடங்கு வேலை செய்யும் என்று நினைக்கக் கூடாது. நிறையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கடைசியாக, காரத்துவத்தோடு அடிக்கடி குழப்பிக்கொள்ளப்படும் இரண்டு இடங்கள். போர்வெல் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்தால் அறிக்கையில் ‘மொத்தக் காரத்தன்மை’ என்று ஒரு வரி வரும். லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம், கால்சியம் கார்பனேட்டாக, என்று எழுதியிருப்பார்கள். அது அந்தத் தண்ணீர் எவ்வளவு அமிலத்தைத் தாங்கும் என்ற அளவு. பெரும்பாலும் கரைந்திருக்கும் பைகார்பனேட்டால் வருவது. அதற்கும் ஓர் அமில மூலக்கூறின் காரத்துவத்துக்கும் சம்பந்தமில்லை.

மற்றொன்று கரிம வேதியியலில் வரும் ‘அமீன்களைக் காரத்தன்மையின் வரிசையில் எழுதுக’ என்ற கேள்வி. அது கேட்பது எண்ணிக்கையை அல்ல, கார வலிமையை. எத்திலமீனும் அனிலீனும் ஆளுக்கு ஒரு ஹைட்ரஜன் அயனியை ஏற்பவை. இரண்டின் அமிலத்துவமும் 1தான். ஆனால் அனிலீனில் நைட்ரஜனின் எலக்ட்ரான் சோடி பென்சீன் வளையத்துக்குள் பரவிவிடுவதால், அதன் கார வலிமை எத்திலமீனின் வலிமையில் பத்து லட்சத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது.